கழுத்தளவு

வில்லாபுரம் ஹவுசிங்போர்டில்
முக்கால்வாசிக் கழுத்துகள் எனக்கு மனப்பாடம்.
மெகராஜ் அக்காவுக்குப் பதினாலரை, பின்பக்கம் நாடா.
மூன்றாம் பிளாக் டீச்சருக்குப் பதின்மூன்று,
ஒரு நூல் இறங்கினாலும் சண்டைக்கு வருவார்.
என் கழுத்தை நான் அளந்ததில்லை.

சித்திரையில் கரண்ட் போன ராத்திரி
மொட்டைமாடியில் நான்கு குடும்பம் பாய் விரித்தோம்.
காலையில் குழாயடியில்
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஒரு பொடியன் மட்டும் கேட்டான்,
"அத்தே, நேத்து மாடிக்கு லாரி வந்துச்சா?"
அவன் அம்மா அவனைத் தொடையில் கிள்ளியது
எனக்கு வலித்தது.

ஆம்பளை விட்டால் உழைத்த களைப்பு.
பொம்பளை விட்டால்
வீட்டுக்கு ஆகாது என்றாள் நாத்தனார் வேலுத்தாய்.
மூக்கில் உருக்கிய நெய் இரண்டு சொட்டு,
தலைக்கு இன்னொரு தலையணை.
சுளுக்குதான் மிச்சம்.

பிறகு ஒருநாள் இவர் போனில் பதிந்து காட்டினார்.
கேலி என்று முகத்தைத் திருப்பினேன்.
"சத்தத்தக் கேக்காத.
சத்தம் நிக்கிற எடத்தக் கேளு."

தெற்குவாசல் பாலத்தில்
மணல்வண்டி போல இழுத்து இழுத்து ஏறியது
சட்டென்று நின்றது.
ஃபேன் ஓடியது. எங்கோ நாய் குரைத்தது.
நான் மட்டும் இல்லை.
இவர் எண்ணுவது மெல்லக் கேட்டது:
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது...
இருபத்திரண்டில்
கிணற்றுக்குள்ளிருந்து தலை தூக்கியவளாய் ஒரு திமிறல்.
எத்தனை ராத்திரி இப்படி எண்ணினீர்கள் என்று
நான் கேட்கவில்லை.

பட்டப்பகலில் மிஷினில் கண்ணயர்ந்து
விரலில் ஊசி ஏறியது
எதனால் என்று அப்போது தெரிந்தது.

அண்ணா நகரில் டாக்டர் ஜெசிந்தா
டிராயரைத் திறந்து இன்ச் டேப்பை எடுத்தார்.
முதல்முறையாக டேப்புக்கு அந்தப் பக்கம் நின்றேன்.
"பதினாறு" என்றார்.
துணி எவ்வளவு பிடிக்கும் என்று
புத்தி ஒரு நொடி கணக்குப் போட்டது.

தூங்கும்போது தொண்டைச் சதை தளருமாம்,
நாக்கு பின்னால் சரியுமாம்,
குறுகிய சந்தில் காற்று உரசுவதுதான் சத்தமாம்.
பாவாடைப் பட்டி துவண்டு ஒட்டிக்கொண்டால்
நாடா எப்படிப் போகும்,
எனக்குத் தெரியாதா?

கொஞ்சம் வளைந்த மூக்குத்தண்டு,
மாதவிலக்கு நின்ற மூன்று வருஷம்,
அதோடு ஏறிய பதினோரு கிலோ,
எழுதிக் கொடுத்தும் நான் எடுக்காத தைராய்டு டெஸ்ட்,
தும்மலுக்குத் தினம் போட்ட, கண்ணைச் சொருகும் மாத்திரை.
"ஒத்தக் காரணம் இல்லம்மா" என்றார்,
"எல்லாம் சேந்து வந்திருக்கு."

உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஒரு ராத்திரி படுத்தேன்.
மணிக்கு முப்பத்தொரு தடவை மூச்சு நின்றதாம்.
முப்பத்தொன்று.
அத்தனை முறை நூல் அறுந்தால்
அந்த மிஷினை நான் விற்றிருப்பேன்.

காற்று மெஷின் விலைக்கு ஒரு பவர் மிஷின் வாங்கலாம்.
மாதவாடகைக்குச் சொல்லிவைத்தோம்.
அது வரும்வரை மல்லாந்து படுக்காதே என்றார் டாக்டர்.
நைட்டியின் முதுகில் பை வைத்து
உள்ளே ஒரு டென்னிஸ் பந்து, வாயைத் தைத்தேன்.
மல்லாந்தால் குத்தும், புரண்டுவிடுவேன்.
மெகராஜ் அக்கா பார்த்துவிட்டு
அவர் வீட்டுக்காரர் பனியனில் ஒன்று கேட்டார்.
இருபது ரூபாய் வாங்கினேன். பந்து அவர்களுடையது.

மாஸ்க் வந்தது. வார் கன்னத்தில் தடம் போட்டது.
லைனிங்கில் மிஞ்சிய காட்டனை மடித்து உறை தைத்தேன்.
முதல் வாரம் மூன்றுமுறை கழற்றி எறிந்தேன்.
எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ
ஒரு கனவு வந்தது.
பெரிதாக ஒன்றுமில்லை,
டீச்சரின் ஜாக்கெட் அளவு சரியாக இருந்தது.
விழித்தபோது தலை கனக்கவில்லை.

நேற்றுப் பின்னிரவு
மெஷினின் மெல்லிய காற்றுக்கு அந்தப் பக்கம்
ஒரு சத்தம்.
இத்தனை வருஷம்
என் சத்தத்துக்கு அடியில் படுத்திருந்த சத்தம்.
மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.
நின்றது. எண்ணினேன்.
நாலில் திரும்பிவிட்டது.
இருந்தாலும்
இருட்டில் தடவி டேப்பை எடுத்து
சௌந்தரபாண்டி எழாதபடி சுற்றிக் கொண்டுவந்து
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
பதினேழே கால்.